பழைய காகிதத்தோடு போன வாக்கு

பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் கேக் வெட்டி, எனக்குச் சால்வையும் போட்டு, இருபத்திரண்டு வருட அனுபவத்தில் ஏதாவது சொல்லும்படி கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு இரண்டு துண்டு கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆளைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் நீங்கள் மூன்று வருடம் முறையாகப் படித்து வந்தவர்கள். நானோ சுவிஸுக்கு வந்து லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவி, முதுகு பிடித்துக்கொண்ட பிறகு சில மாதப் பயிற்சியோடு இதற்குள் நுழைந்தவன். வேலை நுணுக்கத்தில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம். அதைக் கேக் வெட்டும் இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் அந்த வயோதிபர் இல்லத்தில் நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு பெரியவர் தன் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்றார். நான் கட்டிலுக்கு அடியில் தேடினேன், குளியலறையில் தேடினேன், குப்பைத்தொட்டியையும் கிண்டினேன். ஓய்வுக்கு நெருங்கிய ஒரு சுவிஸ் தாதி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் மேலங்கிப் பையை விரலால் காட்டினார். கண்ணாடி அதற்குள் இருந்தது. முகம் கழுவிவிடும்போது நானே கழற்றி அதில் போட்டிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதையும், இனி வருபவர்கள் சொன்னதையும், என் வாயில் வருகிற தமிழில்தான் தருகிறேன்.

"இஞ்சை ஒருத்தர் ஒரு சாமானைக் காணேல்லை எண்டு சொன்னால், முதல்லை உன்ரை பொக்கற்றைப் பார். ஏனெண்டால் உங்கள் ரெண்டு பேரிலை எல்லாரும் உன்னைத்தான் நம்புவினம்."

இதைவிடப் பெரிய பாடத்தை எனக்கு இந்தத் தொழிலில் யாரும் சொல்லித்தரவில்லை. பல வருடம் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் வந்தேன். கடைப்பிடிக்க வேண்டிய நாளில்தான் விட்டுவிட்டேன்.

ஃப்ராவ் கெல்லர், தமிழில் சொன்னால் திருமதி கெல்லர், எங்கள் பகுதிக்கு வந்தபோது அவருக்கு எழுபத்துமூன்று வயது. கறுப்பினப் பெண், நெடிய உருவம். இடுப்பெலும்பு முறிந்து, தனியாக வீட்டில் சமாளிக்க முடியாமல் வந்தவர். கணவர் இறந்து பல வருடம், பிள்ளைகள் இல்லை, கணவரின் சகோதரர் மகனான ஒரு பெறாமகன் மட்டும் இருந்தார். முதல் நாள் அவர் பேசிய சுவிஸ் ஜெர்மனைக் கேட்டு நான் அசந்துபோனேன். என்னுடைய ஜெர்மன் பிழைப்புக்கு மட்டும் காணும். அவருடையது இந்த ஊர்க் கிழவிகள் சந்தையில் விலை பேசுகிற ஜெர்மன். எந்த ஊர் என்று கேட்டேன். அலபாமா என்றார். அமெரிக்காவின் தெற்கில் அப்படி ஒரு மாநிலம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதுவரை எனக்கு அமெரிக்கா என்றால் நியூயோர்க்கும் அங்கே இருக்கிற என் மச்சானும்தான்.

அவருக்குக் கால் வீக்கத்துக்காக இறுக்கமான காலுறை போட்டுவிட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் இருபது நிமிடம் எடுக்கும். அந்தக் காலை நேரங்களில்தான் அலபாமாவின் கதை எனக்குத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. அவருடைய அம்மா மொண்ட்கொமரி நகரில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் சமையல்காரி. பஸ்ஸில் கறுப்பர்கள் எழுந்து வெள்ளையருக்கு இடம் விட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, ஊரில் இருந்த கறுப்பர்கள் எல்லோரும் ஒரு வருடத்துக்கு மேல் பஸ் ஏறாமல் நடந்தார்களாம். அம்மாவும் நடந்தார், அடி தேய்ந்த சப்பாத்துக்குள் மட்டை வைத்துக்கொண்டு. ஒரு நாள் தன் காலை என்னிடம் நீட்டிக்கொண்டே, "இது அப்பிடியே என்ரை அம்மாவின்ரை கால். இது நடந்த கால்" என்றார். நான் கொஞ்சம் மெதுவாகக் காலுறையை இழுத்தேன்.

அதே மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகரில் தேவாலயத்துக்குக் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றதை ஒரேயொரு தடவைதான் சொன்னார். அன்று நானும் மேலே கேட்கவில்லை. கும்பிடப் போன இடத்தில் குண்டு விழுந்த கதை எங்களிடமும் இருக்கிறதுதானே.

ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வாக்குக் கதையை. அங்கே வாக்களிக்க வேண்டும் என்றால் முதலில் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். பதிகிற இடத்தில் கறுப்பர்களுக்கென்று ஒரு பரீட்சை. சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசித்து விளக்கச் சொல்வார்கள். அதில் தப்பினால், ஒரு சவர்க்காரக் கட்டியில் எத்தனை நுரைக்குமிழி இருக்கிறது என்றும் கேட்பார்களாம். அம்மா ஒவ்வொரு முறையும் தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போவார். மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "திரும்பவும் வந்திருக்கிறன், ஐயா" என்பார். பெயர் பதிகிற எழுதர், தேறவில்லை என்பார். என்ன பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஃப்ராவ் கெல்லர் இந்த இடத்தை எழுந்து நின்று நடித்தே காட்டுவார், ஒரு காலில் காலுறையும் மறுகால் வெறுமையுமாக.

பிறகு செல்மா என்ற ஊரில் இருந்து வாக்குரிமைக்காக ஒரு பெரிய ஊர்வலம் நடந்து தலைநகருக்கு வந்தது. கடைசி நாள் தாயும் மகளும் அதில் சேர்ந்து நடந்தார்கள். அந்த வருடமே சட்டம் மாறியது. இருவரும் ஒரே நாளில் பெயர் பதிந்து, அடுத்த வருடம் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அது முடிந்த கையோடு இவர் சுவிஸுக்கு வந்துவிட்டார். அலபாமாவில் பஞ்சாலைக்கு இயந்திரம் பூட்டப் போயிருந்த சூரிச் பொடியன் ஒருவரில் விருப்பம். கறுப்புப் பெண்ணும் வெள்ளை ஆணும் கல்யாணம் கட்டுவது அலபாமாவில் அப்போது குற்றம். இங்கே வந்து கட்டினார். கட்டிய பிறகுதான் தெரிந்தது, சுவிஸில் பெண்களுக்கு வாக்கே இல்லை என்று. எழுபத்தோராம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"மாமியாருக்குச் சொன்னனான், அலபாமாவே எனக்கு வாக்குத் தந்திட்டுது, நீங்கள் இன்னும் யோசிச்சுக்கொண்டு இருக்கிறியளோ எண்டு" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் வந்த ஒரு வாக்களிப்பையும் அவர் தவறவிட்டதில்லை. வருடத்துக்கு நான்கு தரம் தபாலில் வாக்குச்சீட்டுகள் வைத்த அந்தத் தடித்த உறை வரும். மாட்டுக் கொம்புக்கு மானியம் கொடுப்பதா என்று கேட்டாலும் சரி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்துத்தான் முடிவெடுப்பார்.

என் கதையையும் அவருக்குச் சொல்லியிருந்தேன். ஊரில் எனக்கு வாக்கு வந்து முதல் தடவை போனபோது, என் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாவடியில் இருந்தவர், "தம்பி, நீர் போட்டிட்டீர்" என்றார். ஃப்ராவ் கெல்லர் இதைக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அறுபது வயதாகியும் இன்னும் நிரந்தர வதிவிடத்துக்கான சி பெர்மிட்டில்தான் இருக்கிறேன், இப்போதுதான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். அன்றிலிருந்து காலுறை போடும் நேரம் எனக்குப் பாட நேரமானது. நாட்டில் எத்தனை கன்டோன் மாநிலம், மத்திய அரசில் எத்தனை பேர், ஒரு சட்டத்தை மக்கள் எப்படி மறிக்கலாம் என்று அவர் கேட்பார், நான் குனிந்தபடி பதில் சொல்வேன். பதில் பிழைத்தால் காலை இழுத்துக்கொள்வார். இங்கே கேட்பவை பதில் உள்ள கேள்விகள், ஆகவே படிக்காமல் விட எனக்கு உரிமையில்லை என்பார்.

இனி நடந்தது.

பழைய காகிதத்தை நூல் கட்டி வைப்பது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். நான் அதில் விண்ணன். மூலை பிசகாமல், நூல் தளராமல், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவேன். சுவிஸ்காரரே பார்த்து மெச்சியிருக்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை, காகிதம் எடுக்கும் வண்டி வருகிற நாள், ஃப்ராவ் கெல்லர் உடற்பயிற்சிக்குப் போயிருந்தார். நான் மேசையில் இருந்த செய்தித்தாள்களையும் கடை விளம்பரங்களையும் அள்ளி, தட்டி, நேராக்கிக் கட்டினேன். அவற்றுக்கு நடுவே அந்தத் தடித்த உறையும் இருந்தது. நான் கண்டேன். கண்டும் கை நிற்கவில்லை.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் முன்பே குடியுரிமை எடுத்தவர்கள். அவர்களுக்கும் வருடத்தில் நான்கு தரம் அதே உறை வரும். இருவரும் பிரிக்காமலே பழைய காகிதப் பெட்டிக்குள் எறிவார்கள். நான் கட்டுவேன். வருடக்கணக்காக என் வீட்டில் அந்த உறை விளம்பரத்தோடு சேர்த்தி. என் கைக்கு அது அப்படித்தான் பழகியிருந்தது.

மதியம் அவர் உறையைத் தேடத் தொடங்கினார். மேசையில்தான் வைத்தேன், செய்தித்தாளுக்கு மேலே வைத்தேன் என்றார். ஓடிப்போய் யன்னலால் பார்த்தேன். வண்டி வந்து போய்விட்டது.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதும். "நான்தான் தவறிக் கட்டிவிட்டேன், மன்னியுங்கள்." வாக்களிப்புக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது, வேறு உறை கேட்டு எடுக்கலாம். அவர் என்னைப் பேசியிருப்பார், பிறகு சிரித்திருப்பார். ஆனால் மூன்று வாரத்தில் எனக்கு நகரசபையில் குடியுரிமை நேர்முகம். வேலைத்தலத்தில் இருந்து நற்சான்றுக் கடிதமும் போக வேண்டும். ஒரு சுவிஸ் பிரஜையின் வாக்கைக் குப்பையில் போட்ட வெளிநாட்டான் என்று என் பெயரோடு ஒரு வரி எங்காவது ஏறிவிட்டால்? யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று இன்று தெரிகிறது. எங்கள் ஆட்களுக்குத்தான் இந்த நடுக்கம். நாற்பது வருடம் இருந்தாலும் ஒரு கடிதம் வந்து திருப்பி அனுப்பிவிடும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்போம்.

"இருங்கோ, தேடிப் பாப்பம்" என்றேன். அது மட்டுமல்ல. முழங்காலில் இருந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு உடுப்பாக உதறினேன். இல்லாத ஒன்றை அவருக்கு முன்னால் அரை மணி நேரம் தேடினேன். அவர் ஊன்றுகோலோடு என் பின்னால் வந்து, நான் கஷ்டப்படுகிறேன் என்று எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்த நாள் அவர் உறுதியாகச் சொன்னார், அதை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று. உங்களுக்குத் தெரியும், வயது போனவர் ஒருவர் "யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று சொன்னால் நாங்கள் எதை நினைப்போம் என்று. பணிக்குறிப்பில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி ஏறியது. அறையில் தேடித் திரிகிறார். திருட்டு என்று குற்றம் சொல்கிறார். சமாதானப்படுத்த முடியவில்லை. எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல, கண்டதை எழுதினார்கள். அவருக்கு முன்பும் சின்னச் சின்ன மறதி இருந்தது, பெயர்கள் தடுமாறும், மருந்து எடுத்தேனா என்று கேட்பார். இது வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

எங்கள் பகுதிப் பொறுப்பாளர் நல்ல மனுஷி. நகரசபைக்கு ஒரு கடிதம் தயார் செய்து கொண்டுவந்தார். என் உறையைத் தொலைத்துவிட்டேன், இன்னொன்று அனுப்புங்கள் என்று இரண்டு வரி. கையெழுத்து வைத்தால் போதும். நான் மருந்துத் தட்டோடு பக்கத்தில் நின்றேன். ஃப்ராவ் கெல்லர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் துலைக்கேல்லை. துலைச்சனான் எண்டு எழுத மாட்டன்."

வாக்கு வேண்டும் என்றால் கையெழுத்து வைக்கலாமே என்று பொறுப்பாளர் மெல்லச் சொன்னார். அவர் தலையாட்டி மறுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சிவா, நீங்கள் சொல்லுங்கோ. மேசையிலைதானே இருந்தது? நீங்களும் கண்டனீங்கள்தானே?"

என் முன்னால் அப்போது இருந்தது ஒரு வாக்கு மட்டுமல்ல. அந்த மனுஷி தன் மூளையை இன்னும் நம்பலாமா என்பதற்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். அது எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

கையெழுத்து வைக்காமலே வாக்களிப்பு நாளான அந்த ஞாயிறு போனது. அடுத்த வாரம் அவரைப் பற்றி ஒரு கலந்துரையாடல். காலையில் அவரோடு அதிகம் இருப்பவன் என்று என்னிடமும் கேட்டார்கள். கொஞ்ச நாளாக மறதி கூடியிருக்கிறது என்று நானும் சொன்னேன். வைத்தியர் சோதித்தார், பெறாமகன் சம்மதித்தார், இரண்டு மாதத்தில் அவரை மேல்மாடிக்கு மாற்றினார்கள். மறதி வருத்தம் வந்தவர்களுக்கான, இலக்கம் அழுத்தினால்தான் கதவு திறக்கும் பகுதி. அவருக்கு அந்த வருத்தம் எப்படியும் வந்திருக்கும் என்று எனக்கு நானே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். வந்திருக்கலாம். ஆனால் கீழே இருந்தவரை தன்னை நம்பி வாதாடிய மனுஷி, மேலே போன பிறகு வாதாடுவதை விட்டுவிட்டார். எது கேட்டாலும், "நான் மறந்திருப்பன்" என்று சொல்லத் தொடங்கினாராம். அதை நான்தான் சொல்லவைத்தேன்.

என் நேர்முகம் நன்றாக நடந்தது. ஒரு பிரஜையின் முதல் உரிமை எது என்று கேட்டார்கள். பாடமாக்கியிருந்த பதிலைச் சொன்னேன். பாராட்டினார்கள். எல்லாப் படிகளும் தாண்டிக் குடியுரிமை கையில் வர ஒன்றரை வருடம் ஆனது. கடிதம் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அந்த ஒன்றரை வருடமும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மேல்மாடி வேலைக்கு ஆள் கேட்டால் வேறு யாரையாவது அனுப்பிவிடுவேன்.

பிறகு ஒரு நாள் என் பெயருக்கு முதல் உறை வந்தது. மனைவி அதைச் சாமி விளக்கடியில் வைத்துப் படம் எடுத்து லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பினார். நான் அதைப் பிரிக்காமல் அடுத்த நாள் வேலைக்குக் கொண்டுபோனேன். வேலை முடிந்ததும் மேல்மாடிக்கு ஏறினேன்.

ஃப்ராவ் கெல்லர் சாப்பாட்டு மேசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மெலிந்து போயிருந்தார். நான் எதிரே இருந்து, உறையை மேசையில் வைத்து, சொல்ல வேண்டியதைத் தொடங்கினேன். அவர் உறையைப் பார்த்தார். என் வெள்ளை மேற்சட்டையைப் பார்த்தார். பொக்கற்றில் இருந்த பேனாவைப் பார்த்தார். மேசையைப் பிடித்து மெல்ல எழுந்து நிமிர்ந்து நின்றார். பேசியது ஜெர்மன் அல்ல, ஆங்கிலம்.

"திரும்பவும் வந்திருக்கிறன், ஐயா."

நான் எழுதர் அல்ல, சிவா என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் ஆள் மாறிப் பிடிக்கவும் இல்லை.

"போன முறை நான் என்ன பிழை விட்டனான்? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை, அம்மா. பிழை என்னிலை. நீங்கள் அதை மேசையிலைதான் வைச்சனீங்கள். நான் கண்டனான்."

எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. முதல் வசனத்தை மட்டும் அவர் கேட்டிருக்க வேண்டும். "அப்ப பேரைப் பதியுங்கோ" என்றார். நான் பேனாவை எடுத்து, உறையின் பின்புறத்தில் அவருடைய முழுப் பெயரை எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு உறையைக் கைப்பைக்குள் வைத்து மூடி, பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தார். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஞாயிறு நான் வாக்களிக்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மேல்மாடியில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி பணிக்குறிப்பில் எழுதியிருந்தாள். ஊழியர் ஒருவரின் வாக்குச்சீட்டு உறையைக் கைப்பையில் வைத்திருக்கிறார், தன்னுடையது என்கிறார், வாங்க முயன்றால் கோபப்படுகிறார். நான் பொறுப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த நாட்களின் பணிக்குறிப்புகளைத் திறந்து வாசித்தார். பழைய குறிப்புகள் எதையும் இனி அழிக்க முடியாது, வேண்டுமானால் அடியில் புதிதாக எழுதலாம் என்றார்.

எழுதினேன். ஒன்றரை வருடத்துக்கு முன் அவருடைய உறையை எறிந்தது நான் என்றும், அவர் சொன்னது எல்லாம் உண்மை என்றும் எழுதி, என் பெயரைப் போட்டேன். கடைசி வரியில், பையில் இருக்கும் உறை அவருடையது, யாரும் வாங்க வேண்டாம் என்று எழுதினேன்.